கடைக் கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டதா? புதிது வாங்கும் முன் இருப்பெடுங்கள்!



மாதம் பிறந்து சரக்குப் பட்டியல் போடும் நாள். சில்லறைக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் சிட்டையுடன் காத்து நிற்கிறார்கள். மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரோ ஒரு பில்லைத் திறக்க ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. "அண்ணாச்சி, கையாலயே எழுதிக் குடுத்துடுங்க, வண்டி நிக்குது" என்று அவர்கள் சொல்லும்போது, பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமா என்றுதான் நமக்குத் தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. புதிது வாங்காமலே அதைச் சரிசெய்த விவரத்தையும், இடையில் நாங்கள் செய்த ஒரு தவறையும் உறுப்பினர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லினக்ஸுக்கு வந்த கதை

எங்கள் மெஷின் 2014-இல் வாங்கியது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் எங்கள் பழைய பெட்டிக்கு இல்லை. ஆகவே லினக்ஸுக்கு மாறினோம். பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய மென்பொருள் இது. இதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது. நாங்கள் போட்ட லினக்ஸ் மின்ட்டுக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்காக மட்டும் எழுதப்பட்டதானால் அவசரப்பட்டு மாறாதீர்கள். எங்கள் பில்லும் சரக்கு இருப்பும் லிப்ரே ஆபீஸில் இருக்கின்றன. ஜி.எஸ்.டி., இ-வே பில் வேலைகள் பிரவுசரில் நடக்கின்றன. அதனால் எங்களுக்குத் தடையில்லை. லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் பதியாமலே ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் பிரிண்டர் வேலை செய்கிறதா என்பதை அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இருப்பெடுப்பு

மாறிய பிறகும் மெஷின் மந்தமாகவே இருந்தது. காலையில் போட்டால் தயாராக 3 நிமிடம் ஆயிற்று. கிட்டங்கியில் சரக்கு குறைகிறது என்றால் முதலில் எண்ணிப் பார்ப்போம் அல்லவா? இதிலும் அதே முறைதான்.

'டாஸ்க் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்தால் எந்த மென்பொருள் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்று தெரியும். எங்களிடம் இருந்தது 4 ஜி.பி. அதில் பெரும்பங்கைப் பிரவுசரே விழுங்கியிருந்தது. திறந்து மூடாமல் விட்ட பக்கங்கள் பதினைந்துக்கு மேல்!

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'ஃப்ரீ' என்ற கட்டளையைக் கொடுத்தால் 'ஃப்ரீ' என்ற பத்தியில் மிகக் குறைந்த எண் காட்டும். பயப்பட வேண்டாம். காலியாகக் கிடக்கும் நினைவகத்தில், அடிக்கடி கேட்கும் கோப்புகளை லினக்ஸ் எடுத்து வைத்துக்கொள்கிறது. கேட்கும் சரக்கை நாம் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்பதைப் போல. வேறு வேலைக்கு இடம் தேவையானால் உடனே காலி செய்து கொடுத்துவிடும். ஆகவே 'அவைலபிள்' என்ற பத்தியைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த எண்ணும் குறைந்துபோனால்தான் தொல்லை. அப்போது நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் உள்ள 'ஸ்வாப்' பகுதிக்கு அனுப்பி, மறுபடி வாங்கிக்கொண்டிருக்கும். கடையில் இடமில்லாமல் ஒவ்வொரு மூட்டைக்கும் ஊருக்கு வெளியே உள்ள குடோனுக்கு ஆள் அனுப்பும் கதைதான். எங்கள் மந்தத்துக்குக் காரணம் இதுவே.

பலன் தந்தவை

முதலில் பெட்டியைத் திறந்தோம். மிளகாய் வற்றல், மல்லி, மாவு, சணல் தூசி எல்லாம் விசிறியை அடைத்திருந்தன. பிராசஸர் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஊதிச் சுத்தம் செய்ததற்குச் செலவே இல்லை.

அடுத்து 4 ஜி.பி. நினைவகத்தை 8 ஜி.பி. ஆக்கினோம். வாங்கும்போது வகை பார்த்து வாங்குங்கள். டி.டி.ஆர். 3 போடும் இடத்தில் டி.டி.ஆர். 4 பொருந்தாது.

மூன்றாவதாக, சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டோம். ஹார்டு டிஸ்க்கில் ஊசி நகர்ந்து தகவலைத் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே இல்லை. தயாராக 3 நிமிடம் ஆன மெஷின் இப்போது 40 வினாடியில் தயார். மூன்றிலும் பெரிய பலன் தந்தது இதுதான்.

பிறகு சிறு வேலைகள். திரை அமைப்பு எளிமையான 'எக்ஸ்எப்சிஇ'க்கு மாறினோம். அதில் நிழல், மினுக்கு முதலிய அலங்காரங்களை நிறுத்தினோம். மெஷின் திறக்கும்போதே தாமாக ஓடத் தொடங்கும் மென்பொருள்களில் வேண்டாதவற்றை விலக்கினோம்.

'ஸ்வாப்பினஸ்' என்ற எண்ணைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். வழக்கமாக 60 இருக்கும் அதை 10 ஆக்கினால் டிஸ்க்குக்கு அனுப்பும் போக்கு குறையும். நாங்களும் செய்தோம். நினைவகத்தைக் கூட்டிய பிறகு அதனால் வித்தியாசம் ஏதும் தெரியவில்லை. நினைவகத்தைக் கூட்ட வழியில்லாதவர்கள் 'இசட்ராம்' என்ற வசதியைப் பார்க்கலாம். பஞ்சுப் பொதியை அழுத்திக் கட்டுவதுபோல, தகவலைச் சுருக்கி நினைவகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அதைப் பயன்படுத்துவோர் மேற்சொன்ன எண்ணைக் குறைக்கக் கூடாது.

நாங்கள் செய்த தவறு

வேகம் கண்ட ஆசையில், பின்னணியில் ஓடும் சேவைகளில் பெயர் புரியாத ஐந்தாறை ஒரே இரவில் நிறுத்திவிட்டோம். மறுநாள் சந்தை நாள். பில் திரையில் வருகிறது, பிரிண்டரில் வரவில்லை. நிறுத்தியவற்றில் 'கப்ஸ்' என்பதும் ஒன்று. லினக்ஸில் அச்சு வேலையை நடத்துவதே அதுதான். ஐந்தாறை ஒன்றாக நிறுத்தியதால் எது காரணம் என்று கண்டுபிடிக்க மதியமாகிவிட்டது. அதுவரை கார்பன் தாள் வைத்துக் கையால்தான் பில். இரண்டு பில்லில் தொகை தவறி, பிறகு ஆள் அனுப்பிச் சரிசெய்தோம்.

அன்று முதல் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். தேதி, செய்த மாற்றம், பழைய நிலை, கண்ட பலன் நான்கையும் எழுதுவோம். பேரேடு எழுதும் நமக்கு இது புதிதா என்ன?

வேகத்துக்காக விற்கக் கூடாதவை

சில மாற்றங்கள் வேகம் தரும் என்று சொல்லப்படுகின்றன. ஆனால் கடைக்கு ஆகாதவை. டிஸ்க்கில் எழுதுவதை முறைப்படுத்திக் காக்கும் 'ஜர்னல்', 'பேரியர்' ஆகியவற்றை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்திய நிலையில் கரண்ட் போனால் அன்றைய கணக்கே சிதைந்துவிடக் கூடும். ஸ்வாப்பை அடியோடு எடுத்துவிட்டால், நினைவகம் தீர்ந்துபோகும்போது லினக்ஸ் ஏதாவது ஒரு மென்பொருளைத் தானாக மூடிவிடும். அது நாம் சேமிக்காமல் வைத்திருக்கும் பில்லாகவும் இருக்கலாம். பாதுகாப்பு அப்டேட்டுகளை நிறுத்துவதும் கூடாது. கடை மூடிய பிறகு அவற்றைப் போட்டுக்கொள்ளலாம்.

எந்த மாற்றத்துக்கும் முன் கணக்கை இரண்டு பென் டிரைவ்களில் நகல் எடுங்கள். எடுத்ததோடு விடாமல் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள். யு.பி.எஸ். இல்லாமல் கணக்கு மெஷினை ஓட்டாதீர்கள்.

புது மெஷினுக்கு எங்களுக்கு வந்த விலை 38,000 ரூபாய். நாங்கள் செலவழித்தது 5,000-க்குள். மிச்சம் சரக்கில் போயிற்று. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? உங்கள் பெட்டி நிஜமாகவே ஆயுள் முடிந்ததென்றால் தாராளமாகப் புதிது வாங்குங்கள். ஆனால் அதை இருப்பெடுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.