கம்பி வேலிக்குள் ஒரு காலேஜ்

செமஸ்டர் ஆணி அதிகம். அதான் ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலைகாட்டலை.

பிஸ்கட்டவேயில் நான் தினமும் பஸ் ஏறுகிற ரட்கர்ஸ் லிவிங்ஸ்டன் கேம்பஸ், 1942-ல் திறந்த கேம்ப் கில்மர் என்கிற ராணுவ முகாம் இருந்த இடம். இருபது லட்சத்துக்கும் மேலான சிப்பாய்கள் இந்த முகாம் வழியா போய் வந்திருக்காங்க. அப்போ ஐரோப்பாவுக்கு ஆள் ஏத்திட்டுப் போன கப்பல்கள், திரும்பும்போது ஜெர்மன் போர்க்கைதிகளை ஏத்திட்டு வந்தன. இப்படி அமெரிக்கா வந்து சேர்ந்தவங்க சுமார் 3,70,000 பேர்!

சிப்பாய்க் கைதிகள் பருத்தி பறிச்சாங்க, காட்டில் மரம் வெட்டினாங்க. 1929 ஜெனீவா ஒப்பந்தப்படி அதிகாரிகளை வேலை வாங்க முடியாது. சும்மா இருக்கிற ஆளுங்க என்ன பண்ணுவாங்க? காலேஜ் ஆரம்பிச்சாங்க :-)

வால்டர் ஹால்ஷ்டைன் என்கிற சட்டப் பேராசிரியர் 1944-ல் ஷெர்பூரில் பிடிபட்டு, மிசிசிப்பி மாநிலத்தின் கேம்ப் கோமோவுக்கு வந்தார். வேலிக்குள்ளேயே சக கைதிகளுக்கு வகுப்பு நடத்தினார். ஊர் திரும்பினதும் 1946-ல் ஃபிராங்ஃபர்ட் பல்கலைக்கழகத்துக்குத் தலைவர். 1958-ல் ஐரோப்பியக் கமிஷனின் முதல் தலைவர். ரோடு ஐலண்டில் கைதிகள் பத்திரிகையான 'டெர் ரூஃப்'பில் எழுதின ஆல்ஃபிரட் ஆண்டர்ஷும் ஹான்ஸ் வெர்னர் ரிக்டரும் அதே பேரில் மியூனிக்கில் பத்திரிகை நடத்தினாங்க. பிறகு 'குரூப் 47' என்ற இலக்கிய வட்டம் பிறந்தது.

அமெரிக்கா நல்லாத்தான் ஜனநாயகம் சொல்லிக்கொடுத்திருக்குன்னு மெச்சிக்கிட்டே படிச்சேன். அப்புறம்தான் ரூபர்ட் டிரிம்மிங்ஹாம் வந்தார்.

அவர் கறுப்பினச் சிப்பாய். 1944 ஏப்ரலில் 'யாங்க்' என்ற ராணுவப் பத்திரிகையில் அவர் கடிதம் வந்தது. லூசியானா ரயில் நிலைய ஓட்டலில் அவருக்கும் கூட வந்த கறுப்பினச் சிப்பாய்களுக்கும் சமையல்கட்டில்தான் சாப்பாடு. கொஞ்ச நேரத்தில் காவலர்களோட வந்த ஜெர்மன் கைதிகள் முன்வாசல் வழியா போய், மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு, சிகரெட் பிடிச்சுட்டுப் போனாங்க. இந்தக் கைதிகள் நமக்கு எதிரியா, இல்லையான்னு கேட்டிருந்தார் மனுஷன்.

அமெரிக்காவைத் திட்டி நாலு பத்தி எழுத உட்கார்ந்தேன். கை ஓடலை. எங்க ஊர்ப் பக்கம் ஒரு டீக்கடை. வெளியே ஆணியில் தனியா தொங்கின டம்ளர்கள் யாருக்குன்னு எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்லை. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடி கிளாஸில் குடிச்சுட்டு வந்தவன் நான்.

ஹால்ஷ்டைன் இங்கே இருந்து என்ன எடுத்துட்டுப் போனார்னு தெரியும். நாம என்ன எடுத்துட்டுப் போகப்போறோம்? பின்னூட்டத்தில் சொல்லுங்க.