தாய்மடியே முதற்பள்ளி



மனிதன் குரங்கிலிருந்து பிறந்தான் என்று பலர் கூறக் கேட்கின்றோம். அறிவியலார் கூறுவது அதுவன்று. மனிதனுக்கும் சிம்பன்சி என்னும் வாலில்லாக் குரங்குக்கும் ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பொதுவான மூதாதையர் இருந்தனர். அவர்தம் வழியினர் இரு கிளைகளாகப் பிரிந்தனர். ஒரு கிளையில் சிம்பன்சியும் மறு கிளையில் மனிதனும் தோன்றினர் என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஆகவே சிம்பன்சி நமக்குப் பாட்டனன்று, பங்காளி எனலாம். நம் தோட்டத்து ஓரங்களில் பழம் பறிக்க வரும் நீண்ட வாற்குரங்கைவிட, நாமே சிம்பன்சிக்கு நெருங்கிய உறவினர்.

இப்பங்காளியின் வாழ்க்கையை அதன் காட்டிற்கே சென்று கண்டவர் ஜேன் குடால் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1960ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தம் 26ஆம் வயதில், அவர் ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரிக்கரையிலுள்ள கோம்பே காட்டை அடைந்தார். அக்காடு இன்று தான்சானியா நாட்டில் உள்ளது. அப்போது அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். பொறுமையே அவருடைய செல்வம். தொடக்கத்தில் அவரைக் கண்டதும் சிம்பன்சிகள் ஓடி மறைந்தன. அவர் மனந்தளராமல் குன்றின்மேல் அமர்ந்து, தொலைநோக்கி வழியே அவற்றை நாள்தோறும் உற்றுநோக்கினார்.

அவ்வாண்டிலேயே ஓர் அரிய காட்சியைக் கண்டார். நரைத்த தாடியுடைய ஆண் சிம்பன்சி ஒன்று கறையான் புற்றின் அருகே அமர்ந்து, புல்தண்டு ஒன்றைத் துளைக்குள் நுழைத்தது. உள்ளிருந்த கறையான்கள் தண்டைக் கவ்விக்கொண்டன. அது தண்டை மெல்ல வெளியே இழுத்து, கறையான்களை உதட்டால் எடுத்து உண்டது. சிறு கிளையை ஒடித்து, இலைகளை உருவி எறிந்து, அதனைக் கருவியாக்கிக் கொள்வதையும் அவர் கண்டார். கருவி செய்யும் ஆற்றல் மனிதனுக்கே உரியது என்று அறிஞர் பலர் அதுவரை கருதியிருந்தனர். அக்கருத்து அன்று மாறியது.

இக்கலையைக் குட்டிகள் எவ்வாறு கற்கின்றன? தாயின் அருகில் அமர்ந்து, பார்த்துப் பார்த்தே கற்கின்றன. கோம்பேயில் பெண் குட்டிகள் தாயின் கையைக் கவனமாக நோக்குகின்றன. ஆண் குட்டிகளோ விளையாட்டில் பொழுதைக் கழிக்கின்றன. அதனால் பெண் குட்டிகள் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன்னதாகவே இக்கலையைக் கற்றுவிடுகின்றன. நம் வகுப்புப் பையன்கள் இதனைச் சிறிது சிந்திப்பார்களாக!

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டுப் போசூ என்னுமிடத்தில், 1976ஆம் ஆண்டு முதல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிம்பன்சிகளை ஆராய்ந்து வந்தனர். அங்கே சிம்பன்சிகள் ஒரு கல்லை அடியில் வைத்து, அதன்மேல் கொட்டையை நிறுத்தி, மற்றொரு கல்லால் அடித்து உடைத்துப் பருப்பை உண்கின்றன. அவை உடைப்பது செம்பனைக் கொட்டையே! நம் மக்கள் நன்கறிந்த செம்பனைக்குத் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா அல்லவா? இத்தொழிலைக் குட்டிகள் 3 வயது முதல் 5 வயதுக்குள் பழகுகின்றன. அப்பருவத்தில் பழகாதவை பின்னர்ப் பழகுவது அரிது.

தாயின் துணை உணவுக்கு மட்டுமன்று. கோம்பேயில் புளோ என்னும் முதிய தாய் 1972ஆம் ஆண்டில் இறந்தது. அதன் மகன் பிளின்ட்டுக்கு அப்போது 8 வயது. தானே உணவு தேடக்கூடிய வயதுதான். எனினும் அது உண்ண மறுத்து, ஒடுங்கி, ஒரு மாதத்திற்குள் தானும் உயிர்துறந்தது.

இவற்றால் நாம் அறிவது யாது? நம் முன்னோர் செய்த கற்கருவிகளுள் மிகப் பழையவை கென்யா நாட்டில் கிடைத்துள்ளன. அவற்றின் வயது 33 இலட்சம் ஆண்டு. கல் மண்ணில் எஞ்சும், புல்தண்டு எஞ்சாது. தாயைப் பார்த்துப் பிள்ளை கற்ற பழக்கமும் மண்ணில் எஞ்சாது. சிம்பன்சியின் வாழ்வைக் காணும்போது, அப்பழக்கம் கற்கருவிகளினும் தொன்மையானதாக இருக்கலாம் என்று உணர்கின்றோம்.

ஆயினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. சிம்பன்சித் தாய் பெரும்பாலும் காட்டுகிறதேயன்றிச் சொல்லிக் கொடுப்பதில்லை. குட்டி தானே முயன்று கற்க வேண்டும். மனிதனோ மொழியால் விளக்குகிறான், பிழையைத் திருத்துகிறான், தான் காணாதவற்றையும் நூல்வழி அறிகிறான். இதற்கென்றே இயற்கை மனிதக் குழந்தைக்கு நீண்ட இளமைப் பருவத்தை அளித்திருக்கிறது.

பெற்றோர்களே! அப்பருவத்தைக் குறைத்துவிடாதீர்கள். பிள்ளையைத் தவறாது பள்ளிக்கு அனுப்புங்கள். வேலை முடிந்து களைத்து வந்தாலும், சிறிது நேரம் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அது படிப்பதைக் கேளுங்கள். உங்களுக்கு எழுத்தறிவு குறைவாயினும் கவலை வேண்டா. நீங்கள் மதிப்பதைப் பிள்ளை மதிக்கும். நீங்கள் செய்வதைப் பிள்ளை செய்யும்.

மாணவர்களே! ஜேன் குடால் பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், 91ஆம் வயதில் மறையும்வரை காடுகளைக் காக்க உழைத்தார். அவரை உயர்த்தியது உற்றுநோக்கும் பழக்கமே. நீங்களும் கண்ணைத் திறந்து பாருங்கள். பார்த்ததைக் குறித்து வையுங்கள். ஏன் என்று கேளுங்கள். அதுவே அறிவின் வாயில்.