முதலாளிகள் தேர்ந்தெடுக்கும் தலைவர் யாருக்குத் தலைவர்?

ஆலய நிர்வாகக் குழுவின் ஆண்டுக் கூட்டம் என்றால் நம்மிடையே எத்தனை பரபரப்பு! தோட்டமானாலும் சரி, தாமானாலும் சரி, தலைவர் பதவிக்கு இருவர் நின்றுவிட்டால் போதும், ஒரு வாரத்துக்கு முன்பே வாசலுக்கு வாசல் அதே பேச்சுத்தான். கூட்டத்தில் கை தூக்குகிறவர்கள் யார்? சந்தா கட்டிய நாம்தான். நாம் தேர்ந்தெடுத்தவர் என்பதால்தான் பிறகு அவரை நிறுத்திக் கணக்குக் கேட்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது.

ஒரு தலைவரைக் கோடிக்கணக்கான மக்கள் நம்பியிருக்க, அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 30 பேருக்கு மட்டும் இருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் அப்படி ஒரு பதவி இருக்கிறது. அரசாங்கப் பதவியன்று; விளையாட்டுப் பதவி. அமெரிக்க மக்கள் தங்கள் தேசிய விளையாட்டு என்று கொண்டாடும் பேஸ்பாலின் கமிஷனர் பதவிதான் அது.

இப்போது அதில் இருப்பவர் ராப் மான்பிரட் என்ற வழக்கறிஞர். 2015 முதல் இருக்கிறார். அவருடைய தவணை 2029 ஜனவரியில் முடிகிறது. அதற்குமேல் தொடரப் போவதில்லை என்று 2024-லேயே சொல்லிவிட்டார். அடுத்து யார் என்ற பேச்சு அன்றே தொடங்கிவிட்டது. எங்கோ நடக்கும் ஆட்டம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உழைப்பவன், முதலாளி, நடுவில் ஒரு தலைவர் என்ற இந்த மூவர் கதை நமக்குப் புதிதல்லவே!

முப்பது பேர், இருபத்து மூன்று கைகள்

பள்ளித் திடலில் ரவுண்டர்ஸ் ஆடியவர்களுக்குப் பேஸ்பால் எளிதில் புரியும். பந்தை அடித்துவிட்டு, நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். அமெரிக்காவின் மிகப் பெரிய பேஸ்பால் லீக்கில் 30 குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கனடாவின் டொராண்டோ நகரத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு குழுவும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். ஒவ்வொரு குழுவும் ஒரு முதலாளிக்கோ, சில முதலாளிகளின் கூட்டுக்கோ சொந்தம். ஆடுபவர்கள் சம்பளத்துக்கு உழைப்பவர்கள்.

கமிஷனரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த 30 குழுக்களின் முதலாளிகளே. குழுவுக்கு ஒரு வாக்கு. புதியவர் ஒருவர் பதவிக்கு வர நான்கில் மூன்று பங்கு வாக்குகள், அதாவது 23, வேண்டும். ஆட்டக்காரருக்கு வாக்கில்லை. டிக்கெட் வாங்கிப் பார்க்க வருகிறவருக்கும் இல்லை. 2014 ஆகஸ்டில் மான்பிரட்டைத் தேர்ந்தெடுத்தபோது முதல் வாக்கெடுப்பில் முடிவு வரவில்லை. மறுபடியும் வாக்கெடுத்த பிறகுதான் 23 கைகள் சேர்ந்தன. பிறகு, ஒற்றுமையைக் காட்ட 30 பேரும் அவரையே ஏற்றதாக அறிவித்தார்கள்.

சூதாட்டத்தில் பிறந்த பதவி

இந்தப் பதவி எப்படி வந்தது தெரியுமா? 1919-இல் லீக்கின் இறுதிப் போட்டித் தொடரில் சிகாகோ வெள்ளைக் காலுறைக் குழுவும் சின்சினாட்டிக் குழுவும் மோதின. சிகாகோ தோற்றது. சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றார்கள் என்று சிகாகோ ஆட்டக்காரர் 8 பேர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. மக்களின் நம்பிக்கை ஆட்டம் கண்டது. மானம் போனால் வருமானமும் போகுமே! பயந்துபோன முதலாளிகள், யாருக்கும் வளையாத ஒருவரைத் தேடினார்கள். 1920 நவம்பரில் கெனசா மவுன்டன் லாண்டிஸ் என்ற நீதிபதியின் வாசலில் போய் நின்றார்கள். அவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம், எதிர்த்து நீதிமன்றம் போக மாட்டோம் என்று எழுதியும் கொடுத்தார்கள்.

1921 ஆகஸ்டில், வழக்கில் விசாரிக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் குற்றவாளிகள் அல்லர் என்று நீதிமன்றத்தில் ஜூரிகள் முடிவு சொன்னார்கள். மறுநாளே லாண்டிஸ், நீதிமன்றம் என்ன சொன்னாலும் அந்த 8 பேரும் இனி லீக்கில் ஆட முடியாது என்று வாழ்நாள் தடை விதித்தார். அவர்களில் ஒருவர் ஜோ ஜாக்சன். சிறு வயதிலேயே பஞ்சாலை வேலைக்குப் போனவர்; எழுதப் படிக்கத் தெரியாதவர்; அந்தக் காலத்தின் தலைசிறந்த அடிப்பாளர்களில் ஒருவர். 1951-இல் அவர் இறக்கும்வரை தடை நீங்கவில்லை. 2025 மே மாதத்தில்தான், வாழ்நாள் தடை என்பது வாழ்நாளோடு முடிகிறது என்று சொல்லி மான்பிரட் அந்தப் பெயரைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தார்.

லாண்டிஸ் சூதாட்டத்தை ஒடுக்கினார், உண்மைதான். ஆனால் 1944-இல் அவர் இறக்கும்வரை ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட அந்த லீக்கில் கால் வைக்கவில்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் கதவு திறக்கவில்லை. அத்தனை அதிகாரம் படைத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா? அவர் சொல்லவில்லை.

கதவைத் திறந்தவர் வெளியே போனார்

லாண்டிசுக்குப் பின் 1945-இல் வந்தவர் ஹாப்பி சாண்ட்லர். கென்டக்கி மாநிலத்தின் செனட்டர். தென்பகுதிக்காரர் என்பதால் இவரும் பழைய வழியில்தான் போவார் என்று பலர் எண்ணினார்கள். ஆனால் புரூக்ளின் குழு ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரரைக் கொண்டுவர முனைந்தபோது, மற்ற முதலாளிகளில் பெரும்பாலோருக்கு விருப்பமில்லை என்று தெரிந்தும் சாண்ட்லர் தடுக்கவில்லை. 1947 ஏப்ரல் 15-ஆம் நாள் ராபின்சன் திடலில் இறங்கினார். இன்று ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் லீக்கின் எல்லா ஆட்டக்காரர்களும் அவருடைய 42-ஆம் எண் சட்டையை அணிந்து ஆடுகிறார்கள்.

ஆட்டக்காரர்களுக்கு ஓய்வூதிய நிதி அமைந்ததும் சாண்ட்லர் காலத்தில்தான். ஆனால் அவர் தவணையைப் புதுப்பிக்க 16 குழுக்களில் 12 வாக்குகள் வேண்டியிருந்தன. 9 தான் கிடைத்தன. 1951-இல் அவர் வெளியேறினார். முதலாளிகள் பல காரணங்களைச் சொன்னார்கள். எது எப்படியானாலும், நாற்காலி கொடுத்தவர்கள் அதைத் திருப்பி எடுக்கவும் தெரிந்தவர்கள் என்பதைப் பின்னால் வந்தவர்கள் நன்றாகப் பாடம் படித்துக்கொண்டார்கள்.

1982-இல் போவி கூன் என்ற கமிஷனருக்கும் இதே கதிதான். மொத்தம் 26 குழுக்களில் 18 அவருக்கு ஆதரவு. ஆனால் லீக்கின் இரு பிரிவுகளிலும் தனித்தனியே நான்கில் மூன்று பங்கு வேண்டும் என்பது அப்போதைய விதி. ஒரு பிரிவில் 11-க்கு 3. மற்றதில் 7-க்கு 5. அந்த ஐந்து கைகள் அவரை வீட்டுக்கு அனுப்பின. அவருக்குப் பின் வந்த பீட்டர் யூபராத் கெட்டிக்காரர். மறு தேர்தலுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று விதியை மாற்றினால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

தொழிலாளர் தேர்ந்தெடுத்த தலைவர்

இனி மறுபக்கத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் பேஸ்பால் ஆட்டக்காரர் ஒரு குழுவோடு ஒருமுறை கையெழுத்திட்டால், அந்தக் குழு விடும்வரை அவர் வேறெங்கும் போக முடியாது. விற்பார்கள், மாற்றுவார்கள், கேட்க ஆளில்லை. 1966-இல் ஆட்டக்காரர்கள் தாங்களே வாக்களித்து மார்வின் மில்லர் என்பவரைத் தங்கள் சங்கத்துக்குத் தலைவராக்கினார்கள். அவர் எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர். கூட்டு ஒப்பந்தம் என்றால் என்னவென்று அறிந்தவர். 1968-இல் முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. 6,000 டாலராக இருந்த குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 10,000 டாலரானது.

1969-இல் செயிண்ட் லூயிஸ் குழுவில் 12 ஆண்டுகள் ஆடிய கர்ட் பிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரரை, அவரைக் கேட்காமலேயே வேறு குழுவுக்கு மாற்றினார்கள். விற்கவும் வாங்கவும் நான் சரக்கல்லன் என்று அவர் கமிஷனர் கூனுக்குக் கடிதம் எழுதினார். கூன் மறுத்துவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1972-இல் பிளட் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் அவர் போட்ட விதை வீண்போகவில்லை. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர், ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரர் தாம் விரும்பிய குழுவுக்குப் போகலாம் என்று தீர்ப்பளித்தார். தீர்ப்புச் சொன்ன உடனே முதலாளிகள் அந்த நடுவரை நீக்கினார்கள். ஆனால் தீர்ப்பை நீக்க முடியவில்லை. 2022-இல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில், 2026-ஆம் ஆண்டுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 780,000 டாலர்!

இவ்வளவு வாங்குகிறவர்களுக்கு நாம் ஏன் இரங்க வேண்டும் என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. ஆனால் மேல் லீக்குக்கு வருமுன் கீழ் லீக்குகளில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். அவர்களில் பலரின் ஆண்டு வருமானம் குடும்பம் நடத்தக்கூடப் போதாமல் இருந்தது. 2022-இல் அவர்களும் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-இல் கிடைத்த முதல் ஒப்பந்தத்திலேயே பெரும்பாலோரின் சம்பளம் இரு மடங்கானது. கேட்காதவரை கிடைக்காதது, சேர்ந்து கேட்டபோது கிடைத்தது.

முதலாளியே நாற்காலியில் அமர்ந்தபோது

1992-இல் முதலாளிகள் 18-க்கு 9 என்று வாக்களித்து, பே வின்சென்ட் என்ற கமிஷனர்மீது நம்பிக்கை இல்லை என்று சொன்னார்கள். அவர் விலகினார். அந்த இடத்தில் மில்வாக்கிக் குழுவின் முதலாளி பட் சீலிக்கையே அமர்த்தினார்கள். ஈராண்டு கழித்து, 1994 ஆகஸ்டில், முதலாளிகள் சம்பளத்துக்கு உச்சவரம்பு கேட்டதால் வேலைநிறுத்தம் வெடித்தது. இரு உலகப் போர்களின்போதும் நிற்காத இறுதித் தொடர் அந்த ஆண்டு நடக்கவே இல்லை. திடலில் தின்பண்டம் விற்றவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், கூட்டிப் பெருக்கியவர்கள் எல்லோருடைய பிழைப்பும் நின்றது. 232 நாள்களுக்குப் பின், ஒரு நீதிபதியின் ஆணைதான் ஆட்டத்தை மீட்டது. சமாதானம் பேச வேண்டிய நாற்காலியில் ஒரு பக்கத்தார் உட்கார்ந்திருந்தால் வேறென்ன நடக்கும்?

ரசிகர்களின் கதை இன்னும் பரிதாபம். ஓக்லண்ட் நகரத்தில் 1968 முதல் ஆடிவந்த குழுவை லாஸ் வேகாஸ் நகரத்துக்குக் கொண்டுபோக அதன் முதலாளி முடிவு செய்தார். 2023 ஜூனில் ஒருநாள் 27,000-க்கும் அதிகமான ரசிகர்கள் திடலை நிரப்பி, குழுவை விற்றுவிட்டுப் போ என்று முழங்கினார்கள். நவம்பரில் முதலாளிகள் கூடி வாக்களித்தார்கள். 30 கைகளும் இடமாற்றத்துக்கே உயர்ந்தன. ஊருக்காக ஒரு கைகூட உயரவில்லை. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஓக்லண்ட் திடல் வெறிச்சோடியது.

அடுத்தவருக்குக் காத்திருக்கும் சோதனை

2022-ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் முதல் நாளோடு முடியும்படி எழுதப்பட்டது. அதற்கு முன் 99 நாள் கதவடைப்பு நடந்ததை யாரும் மறக்கவில்லை. சம்பள உச்சவரம்பு என்ற பழைய பேச்சும் மறுபடி தலைதூக்கியிருக்கிறது. எதை விதைத்துவிட்டு மான்பிரட் போகிறாரோ, அதை அறுக்கப் போகிறவர் அடுத்தவர்தான்.

அதைவிடப் பெரிய சோதனை சூதாட்டம். 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால், விளையாட்டுப் பந்தயங்களை அனுமதிக்கும் உரிமை மாநிலங்களுக்கு வந்தது. லீக்கும் பந்தய நிறுவனங்களோடு விளம்பர ஒப்பந்தம் செய்துகொண்டது. 2024-இல் பேஸ்பால்மீது பந்தயம் கட்டிய ஓர் ஆட்டக்காரருக்கு வாழ்நாள் தடை. 2025-இல் பந்தயக்காரர்களுக்கு உதவியதாக இரு பந்துவீச்சாளர்கள்மீது நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு. சூதாட்டத்தை ஒழிக்கப் பிறந்த பதவி, இன்று சூதாட்ட விளம்பரத்தில் பங்கு வாங்கும் லீக்கின் பதவி! வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்தவர் வழக்கறிஞரா, வியாபாரியா, முன்னாள் ஆட்டக்காரரா என்று அமெரிக்கப் பத்திரிகைகள் ஆராய்கின்றன. அது பெரிதல்ல. லாண்டிஸ் நீதிபதி, பயந்த முதலாளிகள் பெரும் அதிகாரத்தைக் கொடுத்தும், அடைத்த கதவை அவர் திறக்கவில்லை. சாண்ட்லர் அரசியல்வாதி, ஆனால் நாற்காலி கொடுத்தவர்களின் விருப்பத்துக்கு மாறாக ஒரு நல்ல காரியத்துக்கு இணங்கினார். தலைவரின் தரம் அவர் எந்தத் தொழிலிலிருந்து வந்தார் என்பதில் இல்லை. தம்மைத் தேர்ந்தெடுத்தவர் தவறு செய்யும் நாளில் அவர்கள் முகத்துக்கு நேரே "கூடாது" என்று சொல்வாரா என்பதில்தான் இருக்கிறது.

அந்த 30 பேரின் கூட்டத்தில் நமக்கு இடமில்லை. ஆனால் சங்கமோ, ஆலயமோ, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, நாம் கை தூக்கும் கூட்டங்கள் நமக்கும் உண்டு. அடுத்த முறை கையைத் தூக்குமுன் ஒரு கேள்வியை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த மனிதர், அங்கே கை தூக்க உரிமையில்லாதவர்களுக்காகவும் பேசுவாரா? பேசுவார் என்று மனம் சொன்னால், தயங்காமல் தூக்குங்கள்.