பரணில் கிடந்த பாய்!

'விண்ட்சர்ஃபிங்' என்றொரு விளையாட்டு. மிதக்கிற பலகைமேல் நின்றுகொண்டு, பாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காற்று தள்ளத் தள்ளத் தண்ணீர்மேல் பறக்கிற சமாசாரம். படகு, குதிரை, சர்க்கஸ் மூன்றையும் மிக்ஸியில் போட்டு அடித்தால் என்ன வருமோ, அது!

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் ஐரோப்பாவுக்கு இந்தப் பைத்தியம் நன்றாகவே பிடித்திருந்தது. கார் தலையில் பலகையைக் கட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம்? கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன், தொப்பை, முதுகுவலி... பலகை கார் ஷெட்டுக்குப் போனது. பாய் பரணுக்குப் போனது. நம்ம ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய கிடாருக்கு நேருகிற அதே கதி!

அந்த ஆசாமிகளில் பலர் இப்போது ஐம்பது, அறுபது வயதில் மறுபடி தண்ணீரில் இறங்குகிறார்கள். பழைய பலகையோடு அல்ல. நின்றுகொண்டே துடுப்புப் போடுகிற 'ஸ்டாண்ட்-அப் பேடில்போர்டு' இருக்கிறதே, சுருக்கமாக 'சப்', அதன்மேல் ஒரு பாயைச் செருகிக்கொண்டு!

யார் பெற்ற பிள்ளை?

பலகையில் பாய் கட்டுகிற யோசனைக்குச் சொந்தக்காரர்கள் ஒன்றுக்கு மேல். 1964-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நியூமன் டார்பி என்பவர் ஒன்று செய்தார். 1965 ஆகஸ்ட் 'பாப்புலர் சயின்ஸ்' இதழில் செய்முறையை ஊருக்கே எழுதிவிட்டார். காப்புரிமை? வாங்கவில்லை. நல்ல மனுஷன்!

கலிபோர்னியாவில் விமானப் பொறியாளர் ஜிம் டிரேக்கும், அவருடைய நண்பர் ஹாயில் ஷ்வைட்ஸரும் 1968-ல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார்கள். 1970-ல் கிடைத்தது. சூட்சுமம் பாய்மரத்தின் அடியில் இருக்கிறது. எந்தப் பக்கமும் மடங்கும் ஒரு மூட்டு. மரத்தை இழுத்துப் பிடிக்கக் கயிறு கிடையாது. நிற்கிற ஆள்தான் கயிறு! சுக்கானும் கிடையாது. பாயை முன்னால் சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகித் திரும்பும். பின்னால் சாய்த்தால் காற்றைப் பார்த்துத் திரும்பும். அவ்வளவுதான் டிரைவிங்!

1973-ல் டிரேக் தன் பாதிப் பங்கை 36,000 டாலருக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் ஐரோப்பாவில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. பி.காம் படித்தவனுக்கு இந்த இடத்தில் நெஞ்சு லேசாக வலிக்கும்.

ஷ்வைட்ஸருக்கும் நிம்மதி இல்லை. 1958-லேயே ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்கிற பன்னிரண்டு வயசுப் பையன் இப்படி ஒரு பலகையை ஓட்டியிருக்கிறான் என்பதைச் சுட்டிக்காட்டி, 1985-ல் இங்கிலாந்து நீதிமன்றம் அங்கே அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. கோடி ரூபாய் வியாபாரத்தை ஒரு பொடியனின் லீவு நாள் விளையாட்டு கவிழ்த்துவிட்டது!

வேகம் தின்ற விளையாட்டு

1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் இது இடம் பிடித்தது. புகழின் உச்சி. சரிவும் அப்போதே தொடங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

காரணம், வேகம். பன்னிரண்டு அடிப் பலகை சுருங்கிச் சுருங்கி எட்டடி ஆனது. பலத்த காற்றில் சின்னப் பலகை விர்ரென்று பறக்கும், வாஸ்தவம். காற்று மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் இல்லையென்றால்? ஏறி நின்றதும் முழங்கால் அளவுக்கு முங்கும்! புதிதாகக் கற்க வந்தவன் பாதி நாள் தண்ணீர் குடித்தான், மீதி நாள் கரையில் உட்கார்ந்து காற்றுக்குக் காத்திருந்தான். அப்புறம் வரவே இல்லை.

இது கடைத்தெருவுக்கும் பொருந்துகிற பாடம். கெட்டிக்கார வாடிக்கையாளருக்காக மட்டுமே சரக்கு வைத்தால், புது வாடிக்கையாளர் படியேற மாட்டார். பழையவருக்கும் ஒருநாள் வயசாகிவிடும்.

துடுப்பு கொண்டுவந்த பாய்

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவில் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா என்று இரண்டு கில்லாடிகள் பெரிய பலகையில் நின்று துடுப்புப் போட ஆரம்பித்தார்கள். அது உலகம் முழுக்கப் பரவியது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருமே பழைய விண்ட்சர்ஃபிங் புலிகள்!

இந்த 'சப்' பலகை பத்து, பதினோரு அடி நீளம், முப்பது அங்குலத்துக்கு மேல் அகலம். தொப்பையோடு ஏறினாலும் தாங்கும். அட, எண்பதுகளில் தொலைந்துபோன அதே பெரிய பலகை! நடுவில் ஒரு திருகுத் துளை வைத்தால் பாய்மரம் உட்கார்ந்துவிடும். கம்பெனிகள் வைத்தன. காற்றடித்துக் கொள்கிற ரகத்திலும் வந்துவிட்டது. கார் டயரில் பாதி அழுத்தம். வேலை முடிந்ததும் சுருட்டிப் பையில் போட்டு, ஃபிளாட்டில் கட்டிலடியில் தள்ளிவிடலாம். மனைவி கேள்வி கேட்கமாட்டார்... அதாவது, குறைவாகக் கேட்பார்.

மணிக்குப் பத்து கிலோமீட்டர் இளங்காற்றிலேயே பலகை நகரும். காற்று சுத்தமாக நின்றுவிட்டால், சாதுவான தண்ணீரில் பாயைச் சுருட்டிப் படுக்க வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்து வீடு திரும்பலாம். பழைய ஆட்டக்காரர்களைக் கேளுங்கள், காற்றில்லாமல் நடு ஏரியில் மாட்டிக்கொண்டு திரும்பிய கதை ஆளுக்கு நாலு வைத்திருப்பார்கள்.

திரும்புகிறவர்களுக்கு நாலு வார்த்தை

மூளை மறக்காது. இருபது வருஷம் சைக்கிளைத் தொடாதவன் ஏறியதும் மிதிப்பதுபோல, பாயைப் பிடித்ததும் கை தானாகச் சாயும். ஆனால் 'இருபத்தைந்து வயசில் செய்தோமே' என்று மூளை உத்தரவு போட, ஐம்பத்தைந்து வயசு இடுப்பு 'யாரைக் கேட்டு?' என்று நிற்கும். ஆபத்து அங்கேதான்.

ஆகவே, பழைய பெரிய பாயை விட்டுவிட்டு நாலைந்து சதுர மீட்டரில் சின்னதாக எடுங்கள். தண்ணீரில் விழுந்த பாயைக் கயிற்றால் தூக்கும்போது முதுகை வளைத்து இழுக்காதீர்கள். முழங்காலை மடக்கி, உடம்பின் எடையால் தூக்குங்கள். வெறும் 'சப்' பலகைக்கு நடுவில் செதில் இருக்காது. பாய் கட்டினால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகும். நடுச்செதில் வைத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, உயிர் விஷயம். கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்றில் இறங்கவே கூடாது. கரையோரம் தண்ணீர் குளம் மாதிரி சாதுவாகத் தெரியும். அதுதான் பொறி. உள்ளே போகப்போகக் காற்று கூடும். எதிர்க்காற்றில் துடுப்பு தோற்றுவிடும். மிதவைச் சட்டை இல்லாமல் கிளம்புகிறவருக்கு வயசு ஏறியிருக்கிறதே தவிர, புத்தி ஏறவில்லை.

ஆமாம், பலகை, பாய், துடுப்பு என்றதும் எங்கேயோ பார்த்த ஞாபகம் வருகிறதா? சோழமண்டலக் கரையில் நம்ம மீனவர்கள் மரங்களைச் சேர்த்துக் கட்டி, காற்றிருந்தால் முக்கோணப் பாய், இல்லையென்றால் துடுப்பு என்று தலைமுறை தலைமுறையாகப் போய் வந்தார்களே! 'கட்டுமரம்' என்கிற நம்ம சொல்தான் ஆங்கில அகராதியில் 'கேட்டமரன்' ஆனது. அவர்களுக்கு அது விளையாட்டு அல்ல, சோறு. ஃபைபர் படகும் மோட்டாரும் வந்த பிறகு அந்தப் பாய்களும் பெரும்பாலும் மூலைக்குப் போய்விட்டன.

சரி, ஏரியும் கடலும் கிடக்கட்டும். இளமையில் உயிராக இருந்து, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று எடுத்துவைத்த ஏதாவது ஒன்று எல்லோர் வீட்டிலும் இருக்கும். பழைய வேகம் வேண்டியதில்லை. கொஞ்சம் அகலமான பலகையும் கொஞ்சம் சின்னப் பாயும் போதும்.

உங்கள் வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது?