முகம் மறைத்த சாட்சியங்களும் எடிற்றிங் மேசையின் இரண்டாவது திரையும்

"உங்கட முகத்தைக் காட்ட மாட்டம்" என்று சொல்லித்தான் பல சாட்சியங்கள் பதிவு செய்யப்படுகின்றன. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில், பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்தி, பெயரும் ஊரும் சொல்லிப் பேசும் தாய்மார் இருக்கிறார்கள். அப்படிப் பேச முடியாதவர்களும் இருக்கிறார்கள். தடுப்பில் இருந்து வந்தவர், தனியே பிள்ளைகளுடன் வாழும் பெண், இன்னமும் விசாரணைக்கு அழைக்கப்படுபவர் போன்றோருக்கு முகம் மறைக்கப்படும் என்ற வாக்கு மட்டுமே பாதுகாப்பு. அந்த வாக்கைக் கடைசியில் காப்பாற்ற வேண்டியவர் கமரா பிடித்தவர் அல்ல, எடிற் செய்பவர்.

எடிற் செய்பவர் அந்த முகத்தைப் பார்ப்பது எங்கே? மடிக்கணினித் திரையின் ஒரு பக்கம் கோப்புகளின் வரிசை, கீழே வெட்டி ஒட்டும் பட்டை. மிஞ்சிய மூலையில் ஒரு தபாலட்டை அளவுப் பெட்டிக்குள் படம் ஓடும். அந்தப் பெட்டியில் சரியாகத் தெரிவதை நம்பிக் காணொளியை வெளியே விடுவது ஆபத்தானது. ஏனென்றால் பெட்டி காட்டுவது உங்கள் காணொளியை அல்ல, அதன் அவசரச் சுருக்கத்தை.

கணக்கைப் பாருங்கள். 1920×1080 அளவிலான ஒரு படத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. கணினி திணறாமல் ஓடவேண்டும் என்பதற்காக எடிற்றிங் மென்பொருளில் 'அரைத் தரம்', 'கால் தரம்' என்று தெரிவு செய்வோம். கால் தரம் என்றால் அகலத்திலும் உயரத்திலும் நான்கில் ஒன்று. அதாவது 480×270, மொத்தம் 1 இலட்சத்து 30 ஆயிரம் புள்ளிகளுக்கும் குறைவு. பதினாறில் ஒரு பங்குதான் நீங்கள் பார்ப்பது. அந்தத் தரத்தில் எல்லாமே ஏற்கெனவே மங்கல். ஆகவே மெல்லிதாகப் போட்ட மறைப்பும் போதுமானதாகத் தோன்றும். அதே காணொளியை முழுத் தரத்தில் வெளியே எடுத்தால் மங்கலுக்குள்ளே மூக்கும் மீசையும் தெரியலாம்.

அடுத்தது, விடுபடும் சட்டகங்கள். எமது நாட்டில் காணொளி வழமையாக வினாடிக்கு 25 சட்டகங்கள். பத்து நிமிடச் சாட்சியம் ஒன்றில் 15,000 சட்டகங்கள். பேசுபவர் கண்ணைத் துடைக்கத் தலையைத் திருப்பும்போது, முகத்தைத் தொடர்ந்து செல்லும் மறைப்பு மூன்று சட்டகங்களுக்குப் பின்தங்கினால் அது 0.12 வினாடி. வேகம் போதாத கணினி, ஓட்டத்தைக் காப்பாற்றுவதற்காகச் சில சட்டகங்களைக் காட்டாமலே தாண்டிவிடும். தாண்டியவற்றில் அந்த மூன்றும் இருந்தால் எடிற் செய்பவரின் கண்ணுக்கு அது படாது. ஆனால் கைபேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் ஒருவருக்கு ஒரே ஒரு சட்டகம் போதும்.

இதற்கு வழி, படத்தை மட்டும் தனியாக, முழு அளவில், இன்னொரு திரையில் பார்ப்பது. அதற்குப் பெரிய ஸ்ரூடியோ தேவையில்லை. வீட்டிலிருக்கும் தட்டைத் தொலைக்காட்சியும் ஒரு எச்.டி.எம்.ஐ. வயரும் போதும். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தினால் இரண்டாவது திரைக்கான தெரிவுகள் வரும். 'பிரதி' என்பதை அல்ல, 'நீட்டிப்பு' என்பதைத் தெரிவு செய்யுங்கள். பிரதி எடுத்தால் அதே தபாலட்டைப் பெட்டிதான் தொலைக்காட்சியிலும் வரும். பிறகு எடிற்றிங் மென்பொருளிடம் படத்தை அந்தத் திரைக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். பிரீமியரில் விருப்பத் தெரிவுகளுக்குள் 'பிளேபக்' பகுதியில் அந்தத் திரையின் பெயருக்கு நேரே சரி போட வேண்டும். பைனல் கட்டில் 'விண்டோ' பட்டியலில் 'ஏ/வி அவுட்புட்' என்று இருக்கும். இதைச் செய்தபிறகு தரத்தை 'முழு' என்று மாற்ற மறக்கக்கூடாது. கணினி திணறினால் திணறட்டும், அம்புக்குறி விசையால் ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தலாம்.

கணினியின் எச்.டி.எம்.ஐ. துளை வழியாக வரும் படம் இயங்குதளத்தின் நிற அமைப்புகளைத் தாண்டி வருவது. அதனால் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு நிறம் திருத்திக் கொடுப்பவர்கள், பிளக்மஜிக் போன்ற நிறுவனங்களின் தனிப் பெட்டி ஒன்றை இடையில் வைத்து நேரடியாக வீடியோ சமிக்ஞையை எடுப்பார்கள். முகம் மறைப்பைச் சரிபார்க்க அந்தச் செலவு தேவையில்லை. அந்தக் காசுக்கு இன்னொரு வன்தட்டு வாங்கி மூலப்பிரதியைப் பாதுகாப்பது நல்லது என்பேன்.

ஆனால் தொலைக்காட்சியும் பொய் சொல்லும். பல தொலைக்காட்சிகள், குழாய்த் தொலைக்காட்சிக் காலத்துப் பழக்கத்தில், படத்தைச் சற்றுப் பெருப்பித்து நான்கு விளிம்புகளையும் கொஞ்சம் வெட்டித்தான் காட்டும். வெட்டுப்பட்ட அந்த ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் இலக்கத் தகடோ, கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் அயலவரின் முகமோ இருக்கலாம். உங்கள் திரையில் தெரியாதது கைபேசியில் பார்ப்பவருக்கு முழுதாகத் தெரியும். எல்.ஜி.யில் 'ஜஸ்ட் ஸ்கான்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் பிற்', சோனியில் 'புல் பிக்சல்' என்ற தெரிவுகள் இந்த வெட்டை நிறுத்தும். அதோடு, அசைவை மென்மையாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது உங்கள் காணொளியில் இல்லாத இடைச் சட்டகங்களைத் தானாக உருவாக்கிப் போடும். ஒரு சட்டகத்தில் விலகிய மறைப்பு அதற்குள் கரைந்துபோகக்கூடும். திரையின் புதுப்பிப்பு வேகத்தை 60 இலிருந்து 50 ஆக மாற்றினால் 25 சட்டகக் காணொளி தடுமாறாமல் ஓடும்.

இருட்டையும் கவனிக்க வேண்டும். வீடியோ முறையில் கறுப்பின் அளவு 16, வெள்ளையின் அளவு 235. கணினி முறையில் 0 முதல் 255 வரை. இரண்டு கருவிகளும் இதில் ஒத்துப்போகாவிட்டால் நிழல் பகுதிகள் முழுக் கறுப்பாகிவிடும். பேசுபவருக்குப் பின்னால் இருட்டில் நிற்கும் மகள் உங்கள் திரையில் இல்லாமல் போவார். வேறொரு திரையில், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பவருக்கு அவர் அங்கேதான் நிற்பார். தொலைக்காட்சியில் பார்க்கும்போது ஒருமுறை வெளிச்சத்தை வேண்டுமென்றே முழுவதும் கூட்டிப் பாருங்கள். படம் அசிங்கமாக இருக்கும், ஆனால் ஒளிந்திருப்பவை வெளியே வரும்.

பெரிய திரையில் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் போதாது. சுவரில் மாட்டிய கலியாணப் படம், கண்ணாடி அலமாரியில் விழும் பிம்பம், பிள்ளையின் பாடசாலைச் சீருடை, மேசையில் கிடக்கும் அடையாள அட்டை, யன்னலுக்கு வெளியே தெரியும் கோயில் கோபுரம் எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். மறைப்புத் தொடங்கும் முதல் சட்டகமும் முடியும் கடைசிச் சட்டகமும், ஒரு காட்சி மற்றதற்குள் கரையும் இடங்களும் வழமையாகத் தவறும் இடங்கள். சதுரம் சதுரமாகத் தெரியும் மெல்லிய மறைப்பைவிட முழுக் கறுப்பு மறைப்பே பாதுகாப்பானது. பார்க்க அழகில்லைத்தான்.

சாட்சியங்களுக்கு இடையே பழைய வீட்டு வீடியோவும் சேர்க்கப்படுவதுண்டு. காணாமல் ஆக்கப்பட்ட மகன் அக்காவின் சாமத்திய வீட்டில் ஓடித்திரியும் சில வினாடிகள், ஒரு குடும்பத்திடம் எஞ்சியிருக்கும் ஒரே அசையும் படமாக இருக்கும். இங்கே காரியம் தலைகீழ். முகத்தை மறைப்பதல்ல, இழக்காமல் காப்பது. மினி டீ.வி. கசற்றில் 576 வரிகள் கொண்ட படம் ஒரேயடியாகப் பதியப்படுவதில்லை. ஒன்றுவிட்டொன்றாக 288 வரிகள் கொண்ட இரண்டு பாதிகளாக, வினாடிக்கு 50 தடவை பதியப்படும். கணினித் திரை இரு பாதிகளையும் ஒன்றாகக் காட்டுவதால், ஓடும் பிள்ளையின் ஓரங்களில் சீப்புப் பல்போலக் கோடுகள் தெரியும். அதைப் பழுதென்று எண்ணி ஒரு பாதியை எறிந்துவிடுகிறார்கள். முகத்தின் பாதி விபரம் அதோடு போய்விடும். இன்னொரு தவறு, பாதிகளின் ஒழுங்கை மாற்றிவிடுவது. மினி டீ.வி.யில் கீழ்ப் பாதி முதலில் வரும். உயர்தரக் கமராக்களில் பெரும்பாலும் மேற்பாதி முதலில். ஒழுங்கு மாறினால் அசைவு முன்னும் பின்னும் துடிக்கும். சிறிய பெட்டியில் அது தெரியாமல் போகலாம். தொலைக்காட்சியில் உடனே தெரியும்.

கசற் காலத்தில் இதைப் பார்ப்பதற்கு கமராவையே பாலமாக வைத்தார்கள். கணினியிலிருந்து பயர்வயர் மூலம் கமராவுக்கு, கமராவிலிருந்து மஞ்சள் பிளக் மூலம் தொலைக்காட்சிக்கு. ஐரோப்பாவில் இருந்து உறவினர் கொண்டுவந்த கமராக்கள் சிலவற்றில் இது வேலை செய்யாது. கமரா பழுது என்று நினைக்க வேண்டாம். வெளியிலிருந்து பதியக்கூடிய கமராவுக்கு ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி இருந்ததால், உள்வரும் வழியை நிறுவனங்களே மூடி விற்றன. கனடாவிலிருந்து வந்த கசற் என்றால் அங்கே முறையே வேறு: 480 வரிகள், வினாடிக்கு 29.97 சட்டகங்கள்.

எடிற் செய்த பிரதி எவ்வளவு நன்றாக வந்தாலும் மூலக் கோப்பையோ கசற்றையோ தொடக்கூடாது. 2009 ஓகஸ்டில் சனல் 4 வெளியிட்ட கைபேசிக் காணொளியை, ஐ.நா. விசேட அறிக்கையாளராக இருந்த பிலிப் அல்ஸ்ரன் நிபுணர்களைக் கொண்டு ஆராய்வித்து, அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். அப்படியொரு ஆய்வுக்கு முகம் மறைத்த பிரதி உதவாது.

கடைசியாக, அந்த இரண்டாவது திரைக்கு முன்னால் எடிற் செய்பவர் மட்டும் இருந்தால் போதாது. சாட்சியம் சொன்னவரை, அவர் விரும்பினால், வெளியிடுவதற்கு முன்பு அதே தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்திக் காட்டுங்கள். எடிற்றிங் பட்டையில் இருப்பதை அல்ல, வெளியே எடுத்து முடித்த கோப்பை. "இந்தக் காப்பு அவையளுக்குத் தெரியும் தம்பி", "அந்தப் படலையைக் கண்டா எங்கட வீடெண்டு சொல்லிப்போடுவினம்" என்று அவரால்தான் சொல்ல முடியும். அவர் சொன்னதைத் திருத்திய பிறகு புதிய கோப்பையும் முதலிலிருந்து முழுவதுமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் வெட்டும்போது அதற்குப் பின்னால் போட்ட மறைப்புகள் இடம் நகர்ந்திருக்கக்கூடும்.