வானிலிருந்து பவளப்பாறைக்கு ஒரு வரைபடம்

கடலுக்கடியில் இருக்கும் பவளப்பாறையைச் செயற்கைக்கோள் எப்படிக் கண்டுகொள்கிறது, நேயர்களே? வெயில் கடலுக்குள் இறங்கும்போது சிவப்பு ஒளியை முதல் சில மீட்டரிலேயே தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். நீலமும் பச்சையும்தான் ஆழம்வரை போய், தரையில் பட்டுத் திரும்பும். அந்த ஒளியில் வெண்மணல் பளிச்சென்று தெரியும். கடற்புல்லும் பவளமும் கருத்துத் தெரியும்.

இதை வைத்தே உலகின் ஆழமற்ற வெப்பமண்டலப் பவளப்பாறைகளுக்கான வரைபடம் 2021இல் நிறைவுபெற்றது. மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பால் ஆலனின் பெயரால் அது ஆலன் பவள அட்லஸ். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம் என்பதே அதன் பெரிய சிறப்பு.

செயற்கைக்கோள் படங்களை வகைபிரித்தது கணினிதான்; ஆனால் அது தானாக எதையும் அறிந்துவிடவில்லை. ஆய்வாளர்கள் நீரில் இறங்கிப் படமெடுத்து, இது மணல், இது பாறை, இது நொறுங்கிய பவளம் என்று காட்டிக்கொடுத்த பிறகே கற்றுக்கொண்டது. அப்படியும், பவளமும் பாசியும் மேலிருந்து பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், அட்லஸில் இரண்டும் ஒரே வகைதான். பவளம் உயிரோடு இருக்கிறதா, செத்துப் பாசி படர்ந்துவிட்டதா என்பதை அந்த வரைபடத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.