வலது காலைப் பழக்குவோம்

காணியை விட்டு இடம்பெயர்ந்த பின், எம்மில் சிலர் வான் ஓட்டியாவது பிழைக்கலாம் என எண்ணுகிறோம். அதற்குச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தும் வீதிப் பரீட்சையில் தவறுபவர்கள் உண்டு. தவறினால் மறுபடி திகதி எடுக்க வேண்டும். ஒரு நாள் கூலியும் போய்விடும்.

பல வருடம் உழவு இயந்திரம் ஓட்டிய ஒருவர் அப்படித் தவறினார். "வயலிலை கைப்பிடியை ஒருக்கா வைச்சால் வரம்பு மட்டும் தொடத் தேவையில்லை. இதிலை காலைச் சும்மா வைச்சிருக்க ஏலாமல் கிடக்கு" என்றார்.

அவர் சொன்னதிலேயே காரணம் இருக்கிறது. உழவு இயந்திரத்தில் கவர்னர் என்றொரு பகுதி உண்டு. கலப்பை இறுகும்போது அது தானாகவே கூடுதல் டீசலை விட்டு, நாம் வைத்த வேகத்தைக் காக்கும். காரிலும் வானிலும் அந்த வேலையை எமது வலது கால்தான் செய்ய வேண்டும். ஏற்றத்தில் சற்றுக் கூட்டுவதும், இறக்கத்தில் குறைப்பதும் அதன் பொறுப்பு.

காலை வைக்கும் முறை

குதிக்கால் தரையில் ஊன்றியிருக்கட்டும். பாதத்தின் முன்பகுதியால் அக்சிலரேற்றரை அழுத்துவோம். முழுக் காலையும் தூக்கி மிதித்தால் பள்ளத்தில் விழும்போது காலும் துள்ளும், வாகனமும் துள்ளும். பிறேக்கும் வலது காலுக்கே உரியது. இடது கால் கிளச்சுக்கு மட்டும்.

புறப்படும்போது

முதலாம் கியரைப் போட்டு, அக்சிலரேற்றரை மெதுவாக அழுத்தி, கிளச்சைச் சிறிது சிறிதாக விடுவோம். எஞ்சின் சத்தம் சற்றுத் தாழும் இடத்தில் கிளச்சை ஒரு கணம் நிறுத்தி, கண்ணாடியையும் வீதியையும் பார்த்து, கைப் பிறேக்கை விடுவோம். போதாமல் கொடுத்தால் எஞ்சின் நின்றுவிடும். அளவுக்கு மேல் கொடுத்தால் வாகனம் பாயும், கிளச்சும் தேயும். ஏற்றத்தில் புறப்படும்போது சமதரையை விடச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

ஓடும்போது

கியர் மாற்றும் முன் அக்சிலரேற்றரை விட வேண்டும். விடாமல் கிளச்சை மிதித்தால் எஞ்சின் இரையும். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் இலேசான ஒரே அழுத்தத்துடன் செல்வோம். பாதசாரிக் கடவையோ பாடசாலையோ தெரிந்தால், தூரத்திலேயே காலை எடுத்து பிறேக்கின் மேல் ஆயத்தமாக வைப்போம். காலை எடுத்தாலே எஞ்சின் வாகனத்தைத் தடுத்து மெதுவாக்கும்.

ஊர்மனைகளில் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் போகலாகாது. ஆனால் பயத்தினால், வெறும் வீதியில் காரணமின்றி ஊர்ந்து செல்வதும் நல்ல ஓட்டமல்ல. பின்னால் வருபவர் பொறுமையிழந்து ஆபத்தாக முந்த முயல்வார்.

பழகும் விதம்

பழகுநர் அனுமதிப்பத்திரத்துடனும் எல் பலகையுடனும், அனுமதிப்பத்திரமுள்ள ஒருவரைப் பக்கத்தில் இருத்தியே பழகுவோம். சன நடமாட்டமில்லாத வீதியில், ஒரே வேகத்தில் அரை மைல் ஓடிப் பார்ப்போம். வேகமுள் கூடிக் குறைந்தால் கால் இன்னும் பழகவில்லை. பக்கத்திலிருப்பவரின் தலை முன்னும் பின்னும் ஆடாதவரை நாம் சரியாக ஓட்டுகிறோம்.

கலப்பை எங்கே இறுகுகிறது என்பதை எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அறிந்தவர்கள் நாம். அந்தக் காது எம்மோடுதான் வந்திருக்கிறது. காது கேட்பதைக் கால் செய்யப் பழகிவிட்டால், பரீட்சை நாளில் நடுங்கத் தேவையில்லை.